கடைசி வரியில் இருந்த பீர்

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் முறை. விஷயம் சின்னது, இதையெல்லாம் எழுதலாமா என்று யோசித்து யோசித்துத்தான் எழுதுகிறேன்.

சென்ற மாதம் வேலை விஷயமாக ஒரு பயணம். ராத்திரி தங்கிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு செயின் உணவகம் மட்டும்தான் திறந்திருந்தது. எங்கே போனாலும் அதே பெயர்ப்பலகை, அதே மெனு, அதே நாற்காலி. ஒரு பீர் குடித்துவிட்டு ஏதாவது சாப்பிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தேன். பீர் பட்டியலில் ஏழெட்டுப் பெயர்கள், எல்லாம் தெரிந்தவை. கடைசி வரியில் மட்டும் கேள்விப்படாத ஒரு பெயர், பக்கத்தில் ‘கோஸ’ என்று போட்டிருந்தது. என்னவோ தோன்றி அதையே கேட்டேன்.

வெளிறிய மஞ்சளில் கலங்கலாக வந்தது. எலுமிச்சைத் தோலை நகத்தால் கீறினால் வருமே, அப்படி ஒரு வாசனை. முதல் வாய் குடித்ததும் புளிப்பு. விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் உப்பு. கெட்டுப்போன பீர் என்றே நினைத்துப் பரிமாறும் பெண்ணைக் கூப்பிட்டேன். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. “இது இப்படித்தான் இருக்கும் சார், பயப்படாமல் குடியுங்கள். பாதி குடித்தும் பிடிக்கவில்லையென்றால் வேறு தருகிறேன்” என்றார். வேறு கேட்கவில்லை. பாதி கோப்பையில் பழகிவிட்டது, முடியும்போது பிடித்துவிட்டது. இன்னொன்றும் வாங்கினேன்.

பீர் பற்றி நிறையத் தெரிந்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “செயின் உணவகத்தில் கிராஃப்ட் பீரா? அது கம்பெனிச் சரக்கு. கோஸ குடிக்க வேண்டுமானால் அதற்கான இடத்துக்குப் போக வேண்டும்” என்று ஒரேயடியாகத் தள்ளிவிட்டார். கிராஃப்ட் பீர் என்றால் சின்ன ஆலைகள் காய்ச்சுவதாம். அன்று வந்த சந்தோஷம் பாதியாகிவிட்டது.

எனக்கு அது நிஜமாகவே பிடித்ததா, இல்லை காசு கொடுத்தாயிற்றே என்று நானே பிடிக்க வைத்துக்கொண்டேனா? புளித்த பீருக்கும் கெட்ட பீருக்கும் வித்தியாசம் எப்படித் தெரிந்துகொள்வது? கிடைத்த இடம் சாதாரணமானது என்பதால் கிடைத்ததும் சாதாரணமாகிவிடுமா?

அன்புடன்,
எம்.

*

அன்புள்ள எம்.,

பரிமாறிய அந்தப் பெண் சொன்ன பதிலைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ‘பயப்படாமல் குடியுங்கள்.’ ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் கோஸவுக்கென்றே பெயர்பெற்ற ஒரு பழைய மதுக்கூடம் உண்டு. அதன் பெயர் ‘ஓனே பெடெங்கென்’. தமிழில் ‘தயக்கமே வேண்டாம்’ என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே வருகிறவர்கள் கலங்கலான இந்தப் பீரைப் பார்த்துவிட்டு, இதைக் குடிக்கலாமா என்று பரிமாறுகிறவரைக் கேட்பார்களாம். ஒவ்வொரு முறையும் அவர் சொன்ன பதிலே கடைக்குப் பெயராக நின்றுவிட்டது என்கிறார்கள். நீங்கள் அந்தக் கதை தெரியாமலே அதே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள், அந்தப் பெண் அதே பதிலைச் சொல்லியிருக்கிறார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கோஸ என்பது முதலில் ஓர் ஆற்றின் பெயர். ஹார்ட்ஸ் மலையடிவாரத்தில் கோஸ்லார் என்று ஒரு பழைய சுரங்க நகரம், அதன் பக்கத்தில் ஓடும் சிற்றாறு கோஸ. ஆற்றின் பெயர் ஊருக்கும் வந்தது, பீருக்கும் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் இந்தப் பீர் லைப்சிக் பக்கம் போய்ச் சேர்ந்தது. போன இடத்தில் வேர் பிடித்து, 1900 வாக்கில் லைப்சிக்கின் சொந்தப் பீர் என்றே ஆகிவிட்டது. அதை விற்பதற்கென்றே தனி மதுக்கூடங்கள் ஊரெங்கும் இருந்தன.

செய்முறை இதுதான். பாதிக்குக் குறையாமல் கோதுமை மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய கோதுமை, மீதி பார்லி மால்ட். கொதியின் முடிவில் இடித்த கொத்தமல்லி விதை, கொஞ்சம் உப்பு. கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூ பேருக்குத்தான், அதனால் கசப்பு அநேகமாக இருக்காது. ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக்குகிறது, லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா லாக்டிக் அமிலத்தைத் தருகிறது. தயிரைப் புளிக்க வைக்கும் அமிலமும் அதுவே. ஆல்கஹால் பெரும்பாலும் 4 முதல் 5 சதவீதம். எலுமிச்சைத் தோல் வாசனை என்று எழுதியிருந்தீர்களே, உங்கள் மூக்கை மெச்சுகிறேன். அது கொத்தமல்லி விதையிலிருந்து வருவது. லினலூல் என்ற வாசனைப் பொருள் அந்த விதையில் நிறைய இருக்கிறது, ஹாப்ஸிலும் உண்டு. எலுமிச்சையே சேர்க்காத பீரில் எலுமிச்சை மணப்பது இப்படித்தான்.

உப்பு பற்றியும் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள்: ‘விழுங்கிய பிறகு’ என்று. நல்ல கோஸவில் உப்பு முன்னால் வந்து நிற்கக் கூடாது. புளிப்பு போன பிறகு நாக்கின் ஓரத்தில் லேசாகத் தட்டுப்பட்டு, வாயில் நீர் ஊற வைத்து, அடுத்த வாய்க்குக் கூப்பிட வேண்டும். எடுத்த எடுப்பிலேயே கடல் நீர் மாதிரி கரித்தால் உப்பு போட்டவர் கை தவறிவிட்டது என்று அர்த்தம்.

இந்தப் பீரில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் பழைய பாட்டில். குண்டு வயிறு, நீளமான ஒல்லிக் கழுத்து. நொதித்துக்கொண்டிருக்கும் பீரை அதில் ஊற்றி மூடியே போடாமல் வைத்துவிடுவார்களாம். ஈஸ்ட் நுரைத்துக்கொண்டு கழுத்து வழியாக மேலே ஏறும், வாய்ப்பக்கம் வந்து காய்ந்து இறுகி ஓர் அடைப்பாக உட்கார்ந்துகொள்ளும். பீர் தனக்குத்தானே மூடி செய்துகொள்கிறது. அந்தக் கழுத்து ஏன் அவ்வளவு ஒல்லி என்று படம் பார்த்த நாளில் புரியவில்லை. இந்த விஷயத்தைப் படித்த பிறகு அந்த வடிவத்தில் ஒரு அங்குலத்தைக் கூட மாற்ற முடியாது என்று தெரிந்தது.

சரி, உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

புளிப்பு என்றதும் கெட்டது என்று நாம் முடிவு கட்டுவது ரொம்பப் பழைய பழக்கம் என்று நினைக்கிறோம். பீரின் வயதோடு பார்த்தால் அது நேற்று வந்த பழக்கம். பல ஆயிரம் வருடங்களாக மனிதர்கள் பீர் காய்ச்சியிருக்கிறார்கள், அதில் பெரும்பகுதிக் காலம் ஈஸ்ட் என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. 1516இல் பவேரியாவில் போட்ட புகழ்பெற்ற தூய்மைச் சட்டம் பீருக்கு பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மூன்றும் போதும் என்றது. ஈஸ்ட் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. மரத்தொட்டியின் இடுக்குகளில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் ஒன்றாகக் குடியிருந்தன. புதிதாகக் குடித்தால் ஒரு ருசி, நாள்பட்டால் புளிப்பு ஏறிய ருசி. புளிப்பை விரும்பிய ஊர்கள் அதை ஒரு கைப்பக்குவமாக வளர்த்தெடுத்தன. லைப்சிக்கின் கோஸ, பெர்லினின் வைஸெ, பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக் எல்லாம் அப்படி வந்தவை.

புளிப்பை எதிரியாக நினைத்தவர்களுக்கும் நியாயம் இருந்தது. 1838இல், இன்று செக் நாட்டில் இருக்கும் பில்சென் ஊர் மக்கள் கெட்டுப்போன 36 பீப்பாய் பீரை நகர மன்றத்துக்கு முன்னால் தெருவில் கொட்டினார்கள். அந்தக் கோபத்தில்தான் ஊர்க்காரர்கள் சேர்ந்து புதிய பீர் ஆலை கட்டினார்கள், பவேரியாவிலிருந்து யோசெப் க்ரோலைக் கூட்டிவந்தார்கள், 1842 அக்டோபரில் பொன்னிறமாகத் தெளிந்த முதல் பில்ஸ்னரைக் காய்ச்சினார்கள். இன்று உலகம் முழுக்க பீர் என்றதும் கண்ணில் வருவது அதன் வாரிசுதான். 1870களில் கார்ல் ஃபான் லிண்டேயின் குளிர்பதன இயந்திரம் வந்தது. 1876இல் லூயி பாஸ்டர் பீர் பற்றிய தன் ஆய்வைப் புத்தகமாக வெளியிட்டார், பீரைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் எவை என்று அதில் காட்டினார். 1883இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சென் ஒரேயொரு ஈஸ்ட் செல்லைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து கலப்பில்லாத ஈஸ்ட்டை வளர்த்தார். அம்பது வருடத்துக்குள் பீரிலிருந்து புளிப்பை விரட்ட முடிந்துவிட்டது. அப்புறம் பிறந்த தலைமுறைகளுக்குப் புளித்த பீர் என்றாலே கெட்ட பீர்தான். உங்கள் நாக்கு அந்தப் பாடத்தில் வளர்ந்த நாக்கு, என் நாக்கும்தான்.

அதனால் முதல் வாயில் உங்களுக்குப் பிடிக்காமல் போனதில் தப்பே இல்லை. கண் ‘பீர்’ என்று படித்துவிட்டது, நாக்கு லேசான கசப்புக்குத் தயாராக இருந்தது, வந்ததோ புளிப்பு. எதிர்பார்த்தது வராதபோது நாக்கு ருசியே பார்ப்பதில்லை, எச்சரிக்கை மட்டும் செய்கிறது. மூன்றாவது நான்காவது வாயில் ஒப்பிடுவதை அது நிறுத்துகிறது. அப்போதுதான் நிஜமாகக் குடிக்க ஆரம்பிக்கிறோம். காசு கொடுத்தாயிற்றே என்று குடிக்கிறவர் ஒரு கோப்பையை எப்படியாவது முடிப்பார். இரண்டாவது கோப்பை வாங்க மாட்டார். நீங்கள் வாங்கினீர்கள். அந்தச் சந்தேகத்தை இத்தோடு விட்டுவிடுங்கள்.

இதை இவ்வளவு உறுதியாக நான் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்னால் நானும் ஒரு செயின் உணவகத்தில் உட்கார்ந்திருந்தேன். கரும்பழுப்பு நிறத்தில் ஒரு பீர் வந்தது. கோப்பையை வாய்க்குக் கொண்டு போகும்போதே புகை வாசம், விறகடுப்புப் பக்கத்தில் முகத்தை வைத்தது போல. எங்கேயோ எதுவோ தீய்ந்து அதில் கலந்துவிட்டது என்று முடிவு செய்து, ஒரு வாய்கூட முழுசாகக் குடிக்காமல் திருப்பி அனுப்பினேன். எடுத்துப்போன பையன் எதுவும் சொல்லவில்லை, எப்போதும் குடிக்கிற பீரையே கொண்டுவந்து வைத்தான். பல வருடம் கழித்துத்தான் பாம்பெர்க் நகரத்தின் புகைப் பீர் பற்றிப் படித்தேன். முளைகட்டிய பார்லியைப் பீச் மர விறகின் நெருப்பில் உலர்த்துகிறார்கள், அந்தப் புகை மால்ட்டில் ஏறிப் பீர் வரைக்கும் வருகிறது. தானியத்தைப் புகைபடாமல் உலர்த்தும் வழிகள் பரவும் வரை உலகத்தின் பல ஊர்களில் பீரில் புகை வாசம் இருந்திருக்கிறது. பாம்பெர்க்கில் ஷ்லென்கெர்லா, ஷ்பெட்சியால் என்ற இரண்டு ஆலைகள் அதை விடாமல் காப்பாற்றி வருகின்றன. நான் திருப்பி அனுப்பியது அந்த வகையைச் சேர்ந்த ஒன்று. அந்த உணவகத்தின் பட்டியலில் பிறகு அது வரவேயில்லை. என்னைப் போல நாலு பேர் திருப்பி அனுப்பியிருந்தால் எப்படி வரும்? எனக்கு இன்று வரை அது ஒரு வருத்தம். பயப்படாமல் குடியுங்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்து, கெட்ட பீரை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி. எல்லாப் புளிப்பும் நல்ல புளிப்பு கிடையாது என்பதால் இதை விளக்கமாகவே சொல்கிறேன்.

லாக்டிக் அமிலத்தின் புளிப்பு சுத்தமாக இருக்கும். நாக்கில் விழும், கன்னத்தின் உள்பக்கம் சுருக்கும், போய்விடும். மூக்கில் குத்தாது. கெட்டுப்போன பீரின் புளிப்பு பெரும்பாலும் அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர். கோப்பையை வாய்க்குக் கொண்டு போகும்போதே மூக்கில் ஏறும், விழுங்கினால் தொண்டையில் காந்தும். பெல்ஜியத்தின் சில சிவப்புப் பீர்களில் வினிகர் சாயலை வேண்டுமென்றே கொஞ்சம் விடுவார்கள், கோஸவில் அதற்கு வேலையே இல்லை.

வெண்ணெய் வாசம் வந்து நாக்கில் வழவழவென்று ஒட்டினால் அது டையசெட்டில் என்ற பொருள். நொதித்தலைச் சரியாக முடிக்காத ஆலையிலிருந்தும் வரும், கழுவாத குழாயிலிருந்தும் வரும். குழாய் அழுக்கு செயின் உணவகங்களில் மட்டும் இருக்கிற குறை என்று நினைத்துவிடாதீர்கள், எங்கேயும் உண்டு. பீர் வரும் குழாயை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது ரசாயனம் விட்டுக் கழுவ வேண்டும் என்பது தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. கழுவாவிட்டால் உள்சுவரில் பாக்டீரியா படலமாகப் படியும், அதற்குப் பிறகு எந்தப் பீரை அதில் விட்டாலும் வெண்ணெயும் வினிகரும்தான். ஈரமான அட்டைப்பெட்டி வாசம் வந்தால் பீரில் காற்று பட்டு நாளாகிவிட்டது. அழுகல் மாதிரி ஒரு கந்தக நெடி வந்தால் வெளிச்சம் பட்டிருக்கிறது. ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சத்தில் உடைந்து அந்த நெடியைத் தரும், பழுப்புப் பாட்டில் அதைத் தடுப்பதற்குத்தான். கோப்பையின் உள்சுவரில் குமிழ்கள் அங்கங்கே ஒட்டிக்கொண்டு நின்றால் அது கோப்பையின் அழுக்கு, பாவம், பீர் என்ன செய்யும்.

சந்தேகம் வந்தால் அதே குழாயிலிருந்து கொஞ்சமாக இன்னொரு முறை பிடித்துத் தரச் சொல்லுங்கள். பக்கத்துக் குழாயின் சாதாரண லாகரையும், அதாவது வழக்கமான தெளிந்த பொன்னிறப் பீரையும், ஒரு வாய் கேளுங்கள். லாகரும் புளித்தால் குழாய்கள் கழுவப்படவில்லை. லாகர் நன்றாக இருந்து அந்தப் பீர் மட்டும் புளித்தால் இரண்டில் ஒன்று: அது அப்படியே செய்யப்பட்ட பீர், அல்லது அந்த ஒரு பீப்பாய்க்கு ஏதோ ஆகியிருக்கிறது. வெறும் புளிப்பா, வினிகரும் வெண்ணெயும் சேர்ந்ததா என்று மூக்கை வைத்துப் பார்த்தாலே மிச்சமும் தெரிந்துவிடும். உங்கள் வர்ணனையில் வினிகரும் இல்லை, வெண்ணெயும் இல்லை, கொத்தமல்லி இருக்கிறது. நீங்கள் குடித்தது நல்ல பீர்.

இனி நண்பர் சொன்னதற்கு வருகிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னதில் ஒரு பங்கு உண்மையும் இருக்கிறது. செயின் உணவகத்தில் பீர் பட்டியலைப் பெரும்பாலும் தலைமை அலுவலகம் தீர்மானிக்கிறது. உறைபெட்டியில் வைத்து எடுத்த கோப்பையில் ஊற்றி நாக்கை மரக்க வைத்துவிடுகிறார்கள், அந்தக் குளிரில் கொத்தமல்லியும் தெரியாது, மால்ட்டும் தெரியாது. அங்கே கோஸ கேட்டால் சாதாரணக் கோப்பையில் கேளுங்கள், ஐந்து பத்து நிமிடம் வைத்திருந்து குடியுங்கள். மெனுவில் சின்ன ஆலை போலத் தோன்றும் பெயருக்குப் பின்னால் பெரிய நிறுவனம் இருப்பதும் உண்டு. இதையெல்லாம் நண்பர் சொல்லியிருந்தால் நானும் ஆமாம் என்றிருப்பேன்.

ஆனால் விற்கிற இடத்தை வைத்துக் கிராஃப்ட் பீரா இல்லையா என்று சொல்வது சரியில்லை. அமெரிக்காவின் ப்ரூவர்ஸ் அசோசியேஷன் வைத்திருக்கும் வரையறை காய்ச்சுகிறவரைப் பற்றியது: வருடத்துக்கு 60 லட்சம் பேரலுக்கு மேல் போகக் கூடாது, கிராஃப்ட் ஆலை அல்லாத மது நிறுவனம் ஒன்றின் கையில் கால் பங்கோ அதற்கு மேலோ இருக்கக் கூடாது. ஒரு பேரல் சுமார் 117 லிட்டர். அந்தப் பீரைக் கடைசியில் எந்த மேசையில் வைத்தார்கள் என்று அந்த வரையறை கேட்பதில்லை. செயின்களே இந்த வேலையைச் செய்ததும் உண்டு. பிரிட்டனில் 1979இல் தொடங்கிய வெதர்ஸ்பூன் நூற்றுக்கணக்கான கிளைகள் வைத்திருக்கிறது, அதன் பம்புகளில் சின்ன ஆலைகளின் ஏல் என்ற பீர் வகை கிடைக்கிறது, அவற்றுக்கென்றே பீர் விழாவும் நடத்துகிறார்கள். கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் 1996இல் ஆரம்பித்த யார்டு ஹவுஸ், நூற்றுக்கு மேற்பட்ட குழாய்கள் என்பதையே தன் அடையாளமாக வைத்து வளர்ந்த செயின்.

உங்கள் கோஸ அந்தக் கடைசி வரிக்கு எப்படி வந்திருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம். பெரிய செயின்களிலும் ஒன்றிரண்டு குழாய்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்த ஒதுக்குவதுண்டு. அதற்கு 20 லிட்டர் அளவில் சின்னப் பீப்பாய்கள் வருகின்றன. 400 மில்லி கோப்பையாகக் கணக்குப் போட்டால் ஒரு பீப்பாய்க்கு 50 கோப்பை. ஐம்பது பேர் கேட்டால் போதும், யாருக்கும் நஷ்டம் இல்லை. அதோடு இப்போது கோஸ காய்ச்சுகிற பலர் கொப்பரையிலேயே புளிக்க வைக்கிறார்கள். மால்ட் சாற்றை 40 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு, லாக்டோபேசில்லஸைச் சேர்த்து ஒன்றிரண்டு நாள் விடுவார்கள். வேண்டிய புளிப்பு வந்ததும் கொதிக்க வைத்துப் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டு, ஈஸ்ட் சேர்த்து வழக்கம்போல நொதிக்க விடுவார்கள். ஆலையின் மற்ற பீர்களுக்குத் தொற்று பரவும் பயம் இல்லை, புளிப்பும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வரும். மரத்தொட்டியில் மெதுவாக வந்த பழைய புளிப்பின் ஆழம் இதில் இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு, எனக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது. ஆனால் இந்தச் சுருக்குவழி இல்லையென்றால் கோஸ அந்தக் கடைசி வரி வரை வந்திருக்காது.

நண்பரிடம் நீங்கள் அவசியம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. கோஸ ஒரு முறை செத்துப் பிழைத்த பீர் கூட இல்லை, இரண்டு முறை செத்தது. கடைசியாக அதைக் காய்ச்சிக்கொண்டிருந்த பெரிய ஆலை டோல்நிட்ஸ் என்ற ஊரில் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல் அது பறிமுதலானது, கோஸ நின்றது. அங்கே வேலை பார்த்த ஃப்ரீட்ரிஷ் வுர்ட்ஸ்லர் என்பவருக்குச் செய்முறை தெரியும். அவர் 1949இல் லைப்சிக்கில் சின்னதாக ஓர் ஆலை வைத்துக் காய்ச்சினார், சாவதற்கு முன்னால் வளர்ப்பு மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். கடைசியில் அதை விற்ற மதுக்கூடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1966இல் அந்த மகனும் இறந்தார். கோஸ மறுபடி நின்றது. அப்போது அந்தப் பீர் உலகத்தில் எங்கேயும் இல்லை.

இருபது வருடம் கழித்து, 1980களில், லோதார் கோல்ட்ஹான் என்பவர் பூட்டிக்கிடந்த ‘ஓனே பெடெங்கென்’ மதுக்கூடத்தைப் புதுப்பித்தார். கோஸவின் வீட்டில் கோஸ இல்லாமல் எப்படி? பழைய நாளில் குடித்தவர்களைத் தேடிப் போய் உட்கார்ந்து விசாரித்தார். எவ்வளவு புளிப்பு, எவ்வளவு உப்பு, என்ன நிறம், எப்படி மணத்தது என்று. பக்கத்து ஆலைகள் இந்த விசித்திரமான பீரைத் தொட மறுத்தன. கடைசியில் கிழக்கு பெர்லினில் வைஸெ காய்ச்சும் ஓர் ஆலை சம்மதித்தது. 1985இல் சோதனைக் காய்ச்சல், 1986இல் விற்பனை. பிறகு லைப்சிக்கிலேயே காய்ச்ச ஆரம்பித்தார்கள், 2010களில் அமெரிக்காவின் சின்ன ஆலைகள் எடுத்துக்கொண்டன, அங்கிருந்து எங்கெங்கோ பரவி உங்கள் மேசைக்கும் ஒரு கோப்பை வந்தது.

அந்த இருபது வருடம் கோஸ எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். வேலை முடிந்து தெருமுனை மதுக்கூடத்தில் உட்கார்ந்து குடித்த சாதாரண மனிதர்களின் நாக்கில் இருந்தது. அவர்களில் யாரும் பீர் நிபுணர் கிடையாது. அவர்கள் குடித்த இடமும் விசேஷமான இடம் இல்லை. யாரோ ஒருவர் வந்து கேட்டபோது, இன்னும் கொஞ்சம் உப்பு, இவ்வளவு புளிப்பு இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வார்த்தை இருந்தது. எனக்குப் பீர் சம்பந்தமாகத் தெரிந்த கதைகளிலேயே மிகவும் பிடித்தது இதுதான். பழைய பாட்டிலும், புகைப்படமும், காகிதத்தில் குறித்துவைத்த செய்முறையும் சொல்ல முடியாத ஒன்றை அந்த வயதானவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் நண்பர் சொன்னார் என்று அந்த ராத்திரியைக் குறைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்திலேயே நிறம், வாசனை, புளிப்பு, உப்பு நான்கையும் எந்த வரிசையில் வந்தன என்பதோடு எழுதிவிட்டீர்கள். கோல்ட்ஹான் உங்களைத் தேடி வந்திருந்தால் இதைத்தான் கேட்டிருப்பார்.

அந்தப் பக்கம் மறுபடி போக நேர்ந்தால் கடைசி வரியைப் பாருங்கள். அநேகமாக வேறு ஏதாவது பெயர் இருக்கும், சின்னப் பீப்பாய்களின் ஆயுசு அவ்வளவுதான். கோஸ இல்லையென்றால் அந்தப் பெண்ணிடம் அது மறுபடி வருமா என்று கேட்டுவிட்டு வாருங்கள். ஒருவர் கேட்டார் என்று மேலாளர் காதுக்குப் போனால் அடுத்த மாதம் வர வாய்ப்பிருக்கிறது. வந்தால், சாதாரணக் கோப்பையில் வாங்கிப் பத்து நிமிடம் வைத்திருந்து குடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள். குளிர் குறைந்த பிறகு உப்பு இன்னும் விழுங்கிய பிறகுதான் வருகிறதா, இல்லை புளிப்போடு சேர்ந்தே வந்துவிடுகிறதா? எனக்கு இந்த ஒன்று தெரிய வேண்டும்.

அன்புடன்.